தலைப்பு: குவாட்ரட்ல எதிர்பார்ப்பு எண்ணிக்கை சரியா வரலை, அவசரம்!

நெருஞ்சி: குவாட்ரட் (செடி எண்ண நிலத்துல வைக்கிற சதுரக் கட்டம்) வச்சு பார்த்தீனியம் செடி எண்ணினேன். சமவாய்ப்புப் பரவலானு, அதாவது எந்த ஒழுங்கும் இல்லாம அங்கங்க நிக்குதானு பார்க்கணும். எதிர்பார்ப்பு எல்லா வகுப்புக்கும் (ஒரு கட்டத்துல 0 செடி, 1 செடி, 2 செடின்னு) 6.25னே வருது, கை ஸ்கொயர் (எண்ணினது எதிர்பார்ப்பை விட்டு எவ்வளவு விலகுதுன்னு சொல்ற அளவு) 30 தாண்டுது. எங்க தப்பு? நாளைக்கு கைடுகிட்ட காட்டணும்.

மழைத்துளி: எத்தனை குவாட்ரட்? மொத்தம் எத்தனை செடி? 6.25 எங்கிருந்து வந்துச்சு?

ஓணான்: குவாட்ரட் அளவு தப்பா இருக்கும். எப்பவும் அதுதான். சைஸை மாத்துங்க, முடிவே மாறும்.

முதுகலை_99: இளநிலைப் பாடம் இது. புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பழக்கமே போய்விட்டது போலும்.

நெருஞ்சி: ஸாரி. ஒரு மீட்டர் சதுரம், 50 குவாட்ரட், 100 செடி. 19 காலி. அதிகபட்சம் 7. அதான் 0 முதல் 7 வரை எட்டு வகுப்பு, 50ஐ எட்டால வகுத்தேன்.

மழைத்துளி: அங்கதான் சிக்கல். சமவாய்ப்புன்னா சமமா விழும்னு இல்லை. பாய்சான் பரவல் போடுங்க, சமவாய்ப்பா விழுந்தா எத்தனை கட்டத்துல எத்தனை செடி இருக்கும்னு அதுதான் சொல்லும். சராசரி 2. காலிக் குவாட்ரட்டுக்கு நிகழ்தகவு 0.1353, அதை 50ஆல பெருக்குங்க: 6.77. அதை 2ஆல பெருக்கி 1ஆல வகுத்தா அடுத்தது, அதாவது ஒரு செடி வகுப்பு, 13.53. மறுபடி 2ஆல பெருக்கி 2ஆல வகுத்தா அதே 13.53. அடுத்தது 9.02. நாலும் அதுக்கு மேலயும் சேர்த்து 7.14. உங்களுக்குக் காலி 19. அந்த வகுப்பு மட்டுமே கை ஸ்கொயர்ல 22 கொண்டு வரும். அஞ்சு வகுப்பு, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சுதந்திரமா மாறக்கூடிய வகுப்புகளோட எண்ணிக்கை) 3, அட்டவணையில எல்லை 7.815, 22 அதைத் தாண்டிடுச்சு. காலி இவ்வளவு அதிகம்னா செடி கூட்டம் கூட்டமாத்தான் நிக்குது.

ஓணான்: டிகிரி 4 இல்லையா?

மழைத்துளி: மொத்தம் 50ங்கறதுக்கு ஒண்ணு போகும். சராசரியையும் இதே தரவுல இருந்துதானே எடுத்தோம், அதுக்கும் ஒண்ணு போயிடும்.

முதுகலை_99: நான்குக்கு மேல் ஏன் சேர்த்தீர்கள்? கூட்டம் தெரிவதே அந்த வாலில், அதாவது அதிகச் செடி உள்ள கடைசி வகுப்புகளில்தான். எதிர்பார்ப்பு 5க்குக் குறையக் கூடாது என்பது வெறும் சடங்கு. வால் பகுதியில் 1 வரை இருக்கலாம் என்று புள்ளியியலாளர் காக்ரன் 1954லேயே எழுதிவிட்டார். ஐந்தும் அதற்கு மேலும் தனி வகுப்பாகட்டும், எதிர்பார்ப்பு 2.63 வரும்.

மழைத்துளி: சேர்த்தாலும் பிரிச்சாலும் முடிவு மாறாது சார்.

முதுகலை_99: முறை மாறும்.

ஓணான்: ரெண்டாம் உலகப் போர்ல லண்டன்ல பறக்கும் குண்டு விழுந்த இடங்களை 576 கட்டமாப் பிரிச்சு எண்ணினாங்களே, அது பாய்சானுக்கு அப்படியே பொருந்துச்சு. காலிக் கட்டம் 229, எதிர்பார்ப்பு 226.74. அங்கயும் கட்டத்தோட அளவுதான்...

மழைத்துளி: விடுங்க ஓணான்.

நெருஞ்சி: வந்துடுச்சு, நன்றி. இப்ப கைடு வேரியன்ஸ் (எண்ணிக்கை சராசரியை விட்டு எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு) கேக்குறார், அது வேற இழைல போடுறேன்.

ஓணான்: பாதை ஓரமா எண்ணினீங்களா? அதைச் சொல்லவே இல்லையே?