‘தீர்வையல்லாத் தடை’ என்பதற்கு ‘மறிப்பு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதன் வர்த்தக விளைவுகளை உயர்தரப் பொருளியல் மாணவர்களுக்கு விளக்கும் இயலுக்காக நாம் தெரிந்தெடுத்த சொற்களுள், ‘தீர்வையல்லாத் தடை’ (தீர்வை, அதாவது இறக்குமதி வரி, அல்லாத வேறு விதிகளாலும் நடைமுறைகளாலும் வர்த்தகத்துக்கு வரும் இடையூறு) என்பதை மீளவும் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டே இதனை எழுதுகிறேன். பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் ஊறிப்போன சொல் அது. ஆயினும் இந்த இயலில் அதனைக் கையாண்டால், வன்னியிலுள்ள மாணவர் நடந்ததை மாறி விளங்கிக்கொள்வார் என்பது என் கருத்து.

பிரித்தானியா 2020 ஜனவரி 31 இல் ஒன்றியத்தை விட்டு விலகியது. நிலைமாறு காலம் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நீடித்தது. அதற்கு முதல்நாள் கைச்சாத்தான வர்த்தக, ஒத்துழைப்பு உடன்படிக்கை, பிறப்பிட நிபந்தனையை (பொருள் இவ்விரு தரப்பில் ஒன்றில் உருவானதாக இருக்கவேண்டும் என்பதை) நிறைவேற்றும் பொருள்களுக்குத் தீர்வையும் இல்லை, கோட்டாவும் இல்லை என்றது. இதுவரை வாசிக்கும் மாணவர், அப்படியானால் நட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சொல்லையே நாம் தேடுகிறோம்.

2021 ஜனவரியில் ஸ்கொட்லாந்து மீன் ஏற்றுமதியாளருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். முன்னர் பெட்டியை லொறியில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டிருந்தவர்கள், இப்போது சுங்க அறிவித்தல், பிடிப்புச் சான்றிதழ் (மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்பதற்கான சான்று), தகுதிபெற்ற அலுவலர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் ஆகியவற்றைத் தொகுதி தொகுதியாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. பலருடைய பெட்டிகளை ஒன்றாக ஏற்றிச் செல்லும் லொறியில் ஒருவருடைய கடதாசி பிழைத்தால் அனைவருடைய மீனும் காத்துக் கிடந்தது. அந்த மாதமே மீன் லொறிகள் இலண்டன் தெருக்களில் வரிசையாக நின்று எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த மீனை வாங்க மாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு சதந்தானும் தீர்வை விதிக்கப்படவில்லை. மீன் பழுதடைந்தது, விலை விழுந்தது, அவ்வளவுதான்.

அதே கடலில், அதே மாதத்தில், உண்மையான தடையும் ஒன்று வந்தது. முதல்தரமல்லாத நீர்ப்பரப்புகளில் எடுத்து, சுத்திகரிக்கப்படாத உயிருள்ள சிப்பியினங்களை, ஒன்றியத்திற்கு வெளியே உள்ள நாடொன்றாகிவிட்ட பிரித்தானியா அனுப்பவே முடியாமற் போனது. எவ்வளவு கடதாசி நிரப்பினாலும் அந்தச் சிப்பி போகாது. இவ்விரண்டையும் ‘தடை’ என்ற ஒரே சொல்லால் எழுதினால், காத்திருந்து சென்ற மீனுக்கும் செல்லவே முடியாத சிப்பிக்கும் இடையிலான வேறுபாட்டை எந்த இடத்தில் காட்டுவது?

வன்னியில் ‘தடை’ என்பது வெறும் அகராதிச் சொல்லன்று. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் உரமும் வராது என்பதே அதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு விதித்த இறக்குமதித் தடையும் (2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 2016 ஜூனில் நீக்கப்பட்டது) அதே பொருளில்தான் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் பேசப்பட்டது. பெரும் பாதிப்பு ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் கலங்களின் மீனுக்கே என்றாலும். தடை நீங்கிய பின்னரும் ஏற்றுமதிக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். அதனைத் ‘தடை’ என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார்.

ஆகவே நான் முன்மொழியும் சொல் ‘மறிப்பு’; முழு வடிவில் ‘தீர்வைசாரா மறிப்பு’. பஸ்ஸை மறிக்கிறோம், வாய்க்காலை மறிக்கிறோம், மாட்டை மறிக்கிறோம்: மூன்றிலும் ஓட்டம் நிற்கிறது, ஆனால் ஓட்டத்துக்கு முடிவு வந்துவிடவில்லை. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் லொறிகள் மறிக்கப்பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட பொருளே என்றாலும் மூடை மூடையாக இறக்கி, பிரித்துக் காட்டி, மீண்டும் கட்டி ஏற்ற வேண்டும். இறக்குகூலியும் ஏற்றுகூலியும் சேர்ந்து, இடையில் நசிந்த தக்காளியின் பெறுமதியும் சேர்ந்து, கிளிநொச்சிச் சந்தையில் விலையாக வந்து நின்றது. டோவர் துறைமுகத்தில் காத்திருக்கும் லொறிச் சாரதியின் கணக்கும் இதுவே. ‘மறியல்’ என்ற வடிவை வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன். அது நமக்குச் சிறைச்சாலையையும் தமிழகத்தாருக்குச் சாலையில் அமர்ந்து செய்யும் போராட்டத்தையும் நினைவூட்டும்.

வவுனியாவிலிருந்து எழுதிய ஆசிரியை ‘தங்கல்’ என்று முன்வைத்தது நல்ல யோசனை. ‘தங்குதடையின்றி’ என்னும் வழக்கில் தங்கலும் தடையும் இரண்டாக நிற்பதை அவர் சுட்டிக்காட்டியிருந்தார். ஆனால் தங்கல் நேரத்தை மட்டுமே சொல்கிறது. சுகாதாரச் சான்றிதழுக்கான கட்டணத்தையும், அதற்காகவே சம்பளத்துக்கு அமர்த்திய எழுதுவினைஞரையும் அது உள்ளடக்காது. வேறிடத்தில் அவருடைய சொல்லே பயன்படும்: 2017 ஜனவரியில் பிரதமர் தெரேசா மே, ஒன்றியத்துடனான வர்த்தகம் இயன்றவரை உராய்வற்றதாக இருக்கவேண்டும் என்றார், அந்தத் தொடரை ‘தங்குதடையற்ற வர்த்தகம்’ என்றே எழுதலாம். ‘உராய்வற்ற’ என்றால் பௌதிகவியல் வினாத்தாள்தான் நினைவுக்கு வரும்.

பிரித்தானியா ஒன்றியத்தை விட்டதைக் குறிக்கும் ‘விலகல்’ என்பதைப் பற்றி அதிகம் விவாதிக்கத் தேவையில்லை. சென்னை நண்பர் எழுதிய ‘வெளியேற்றம்’ வடக்கில் வேறு ஒரு வரலாற்றை, 1990 இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைச், சுமக்கும் சொல். அதனை இங்கு பயன்படுத்த இயலாது. ‘பொருளாதாரக் கூட்டமைப்பு’ என்றாலும் இங்குள்ளவர்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை எண்ணி முதலில் தேர்தலைத்தான் நினைப்பார்கள். ‘பொருளாதாரக் கூட்டு’ போதும்.

இதனைக் காட்டிலும் கடினமானது, கூட்டின் படிநிலைகளுக்குப் பெயர் வைப்பது. உறுப்பு நாடுகள் தம்முள் தீர்வையை நீக்குவது ஒன்று. வெளிநாட்டுப் பொருளுக்கு எல்லோரும் ஒரே தீர்வையை விதிக்கும் சுங்க ஒன்றியம் இன்னொன்று. தரவிதிகளையும் பொதுவாக்கும் ஒற்றைச் சந்தை மூன்றாவது. முதலாவதைச் ‘சுதந்திர வர்த்தக வலயம்’ என்று எழுதியிருக்கிறோம். இலங்கையில் அப்பெயர் கட்டுநாயக்காவில் 1978 இல் உருவான ஏற்றுமதித் தொழிற்சாலை வலயத்துக்கே உரியதாகிவிட்டது. கிளிநொச்சியிலிருந்து அங்கே தைக்கப் போன பெண்பிள்ளைகள் அதனை ‘சோன்’ என்பார்கள். ஆகவே ‘தீர்வையற்ற வர்த்தகப் பரப்பு’ என்று மாற்றலாம். பிரித்தானியா ஒற்றைச் சந்தையை விட்டதால் மறிப்பின் பெரும்பகுதி வந்தது. சுங்க ஒன்றியத்தை விட்டதால் பொருளின் பிறப்பிடம் பற்றிய கேள்வி வந்தது. இந்தத் தொடர்பு மாணவருக்குச் சொல்லிலேயே தெரியவேண்டும். பிரித்தானியாவின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட நாட்டின் ஏற்றுமதியும் இறக்குமதியும் நீண்டகாலத்தில் 15 சதவீதமும் உற்பத்தித்திறன் 4 சதவீதமும் குறைந்திருக்கும் என்று மதிப்பிடுகிறது. தீர்வையே இல்லாத உடன்படிக்கையின்கீழ் இத்தனை வீழ்ச்சி என்பதை, மறிப்பு என்ற கருத்து இல்லாமல் எப்படி விளக்குவது?

பிறப்பிடம் என்றேன். ‘மூலவிதிகள்’ என்று நாம் எழுதியிருப்பதை ‘அடிப்படை விதிகள்’ என்றே பலரும் வாசிப்பார்கள். ‘பிறப்பிட விதி’ என்றால் பிறப்புச் சான்றிதழுடன் குழம்பும் என்று ஒருவர் அஞ்சினார். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து அலுவலகம் அலுவலகமாக அலைந்த மக்களுக்கு, எங்கே பிறந்தது என்று பொருள் தன்னை நிரூபிக்கவேண்டும் என்பதை விளக்க வேறு உதாரணமே வேண்டியதில்லை என்பது என் பதில்.

உதாரணம் ஒன்றைக் கையேட்டில் சேர்க்கலாம். ஜேர்மனியில் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு வந்த இனிப்புப் பண்டம் ஒன்றை அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பியபோது, அது பிரித்தானியாவில் பிறந்ததல்ல என்பதால் தீர்வைக்கு உட்படும் நிலை 2021 தொடக்கத்தில் ஏற்பட்டது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தைத்த சட்டைக்கும் இதுவே கதி. முன்னர் பிரித்தானியச் சுங்கத்தைக் கடந்த சட்டை, அங்குள்ள களஞ்சியத்திலிருந்து டப்ளினுக்கு வேறு கேள்வியின்றிப் போகும். இப்போது அது இலங்கைச் சட்டையாகவே ஒன்றியத்தின் வாசலில் மறுபடி நிற்கிறது. சலுகை கிடைக்காவிட்டால் ஏறத்தாழ 12 சதவீதத் தீர்வை. இலங்கைக்கு ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் (வளர்முக நாடுகளுக்கான தீர்வைக் குறைப்பு) சலுகை ஒரு வாசலுக்கு, 2023 ஜூனில் தொடங்கிய பிரித்தானியாவின் சொந்தத் திட்டம் மற்ற வாசலுக்கு என்றாகிவிட்டது.

இதில் எஞ்சியிருப்பது ஒரு சொல். நெய்த துணியில் தைத்த உடைக்கு ஜிஎஸ்பி பிளஸ் சலுகை பெற, நெசவும் தையலும் பொதுவாக இங்கேயே நடக்கவேண்டும். சீனத் துணியில் தைத்தால் அது கிடைக்காது. எனினும் இந்தியா போன்ற தெற்காசிய நாட்டின் துணியை, சில நிபந்தனைகளுடன், உள்நாட்டுத் துணி போலவே கணக்கில் எடுக்க விதி இடமளிக்கிறது. இவ்விதிக்கு வரைவில் உள்ள ‘திரள்வு’ வட்டிக் கணக்கையும் முகிலையும்தான் நினைவூட்டுகிறது. ‘சேர்த்தெண்ணல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? மறுப்பு இருப்பின், ஆடைத் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்பவர்கள் அதனை என்னவென்று அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.