சிடி 125: புது நீடில் போட்டும் காபரேற்றர் ஒழுகுது, ரியூப்பை அடைக்கலாமோ?

மானிப்பாய்_125:
வணக்கம். வண்டி ஹோண்டா சிடி 125 பென்லி, ரெண்டு சிலிண்டர், ஒற்றைக் காபரேற்றர். கிண்ணத்துக்குக் கீழை இருக்கிற ஓவர்புளோ ரியூப்பாலை பெற்றோல் சொட்டுது, நிமிசத்துக்கு 20 சொட்டு மட்டிலை. றிப்பெயர் கிற் மாத்தியாச்சு: நீடில், காஸ்கெற், ரெண்டு ஜெற்றும் (பெற்றோலை அளந்து விடுற துளைச் சாமான்). ஒழுக்கு அப்பிடியே இருக்கு, இப்ப பிளக்கும் கறுக்குது. ரியூப்புக்குள்ளை ஒரு போல்ற்றை ஏத்தி அடைச்சால் சரியெண்டு ஒராள் சொல்லுறார். அடைக்கலாமோ? புளோட் (கிண்ணத்துக்குள்ளை இருக்கிற மிதவை) உயரம் என்ன அளவிலை வைக்கிறது?

பழஞ்சாவி:
தம்பி, அடைக்கிற வேலையை மட்டும் செய்யாதேங்கோ. கிண்ணத்துக்குள்ளை நெட்டுக்கு நிக்கிற பித்தளைக் குழாயின்ரை மற்ற முனைதான் அந்த ரியூப். கிண்ணத்து மட்டம் அளவுக்கு மேலை ஏறினால் பெற்றோல் அதுக்குள்ளாலை இறங்கி நிலத்திலை விழும். அந்த வழியை மூடினால் இன்ரேக்காலை சிலிண்டருக்குள்ளை போய், பிஸ்டன் றிங்கைத் தாண்டி ஒயிலோடை கலக்கும். இப்பவே ஒயில் மூடியைக் கழட்டி ஒருக்கால் மணந்து பாருங்கோ. பெற்றோல் மணந்தாலோ ஒயில் மட்டம் கூடியிருந்தாலோ ஸ்ராட் பண்ணாதேங்கோ, முதல் ஒயிலை மாத்துங்கோ.

கன பேர் பிழைவிடுறது எங்கையெண்டால், அந்த ஒரு ரியூப்பாலை மூண்டு விதமான ஒழுக்கு வரும். புளோட் மேலை வரப் பெற்றோல் வாற வழியை மூடுறது நீடில்; அது வடிவா மூடாமல் மட்டம் ஏறி வழியிறது ஒண்டு. கிண்ணத்தை வடிக்கிற ஸ்குறூ உள்ளுக்கை இறுகாமல் விடுறது இன்னொண்டு, அதாலை கசியிறதும் இதே வாயாலைதான் வரும். மூண்டாவது, உள்ளுக்கை நிக்கிற பித்தளைக் குழாயிலை மயிரளவு வெடிப்பு. கிற் போட்டால் தீருறது முதலாவது மட்டும்தான். மற்ற ரெண்டும் எண்டால் பத்துக் கிற் போட்டாலும் சொட்டும்.

பிரிச்சு அறியிறது லேசு. நடு ஸ்ராண்டிலை நிமித்தி விட்டு, பெற்றோல் ராப்பைத் திறந்து கிண்ணம் நிரம்ப விடுங்கோ. பிறகு பூட்டிப்போட்டு ரியூப்புக்குக் கீழை ஒரு ஜாம் போத்தலை வையுங்கோ (றெஜிபோம் கப் வேண்டாம், பெற்றோலுக்குக் கரைஞ்சு போகும்). நீடில் பிழையெண்டால், ராப் பூட்டிக் கொஞ்ச நேரத்திலை சொட்டு நிண்டுடும், ஏனெண்டால் மட்டம் குழாய் வாய்க்குக் கீழை இறங்கியிருக்கும். ஸ்குறூ அல்லது வெடிப்பெண்டால் நிக்காது. கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வேறை போத்தலை வைச்சு வடி ஸ்குறூவைத் திறவுங்கோ. பெற்றோல் நல்லா ஓடி வந்தால் நீடில் பக்கம் பாருங்கோ. கிண்ணம் வெறுமையாக் கிடந்தால் பிழை கிண்ணத்திலைதான்.

வடமராட்சி_ரைடர்:
அண்ணை சொன்ன சோதனையோடை இதையும் பாருங்கோ. பிளக் கறுக்கிறதுக்கு அந்தக் கிற் ஜெற்றிலைதான் எனக்குச் சந்தேகம். பழைய ஜெற்றை எறிஞ்சுபோடாமல் வைச்சிருந்தால் ரெண்டிலையும் குத்தியிருக்கிற இலக்கத்தை ஒப்பிடுங்கோ. இலக்கம் ஒண்டா இருந்தாலும் மலிவுக் கிற்றின்ரை துளையை நம்பேலாது. கழுவின பழைய ஜெற்றே திறம். கிற்றிலை எடுக்கவேண்டியது நீடிலும் ரப்பர்ச் சாமானும் மட்டும்.

நீடிலையும் பழையதோடை பக்கத்திலை வைச்சு வேர்னியராலை அளவுங்கோ. அரை மில்லிமீற்றர் நீளம் கூடினாலே புளோட் பதிஞ்சு மட்டம் குறைஞ்சிடும், கட்டையாப் போனால் மட்டம் ஏறி வழியும். புளோட் உயரத்துக்கு உங்கடை மொடலின்ரை சேர்விஸ் புத்தகத்து அளவுதான் சரி. புத்தகம் இல்லாட்டி, காபரேற்றரைச் சரிச்சுப் பிடிச்சு, புளோட்டின்ரை நாக்கு நீடில் தலையிலை இருக்கிற சின்னச் சுருள்வில்லைத் தொட்டும் தொடாமலும் நிக்கைக்கை, புளோட்டின்ரை பொருத்துக் கோடு காஸ்கெற் முகத்துக்குச் சமாந்தரமா இருக்கவேணும். ஆரம்ப நிலைக்கு அது காணும். நாக்கை வளைக்கிறதெண்டால் புளோட்டைக் கழட்டி வளையுங்கோ. இருந்த இடத்திலை அமத்தினால் நீடிலின்ரை ரப்பர் நுனியிலை வளையமாத் தடம் விழும். நாக்கும் பிளாஸ்ரிக்காலை வார்த்த புளோட் எண்டால் வளைக்கிற கதையே இல்லை.

நீடில் மூடுதோ எண்டு பாக்க, காபரேற்றரைத் தலைகீழாப் பிடிச்சு, பெற்றோல் வாற வாயிலை ரியூப் போட்டு மெல்லமா ஊதுங்கோ. காத்துப் போகக்கூடாது. புளோட்டைத் தூக்கினால் போகவேணும். புது நீடிலோடையும் காத்துப் போனால் நீடில் குந்துற பித்தளை இருக்கையிலைதான் ஊத்தை. காது குடையிற பஞ்சுக் குச்சியிலை பிராசோ (பித்தளை மினுக்கி) தொட்டு, விரலாலை அரை நிமிசம் உருட்டிப்போட்டுக் கழுவுங்கோ. எமரிக் கடதாசி போட்டால் அந்த இருக்கை முடிஞ்சுது.

இன்னொண்டு. கிண்ணத்து ஸ்குறூ பாக்கச் சாதாரண நட்சத்திரத் தலை மாதிரித்தான் இருக்கும், ஆனால் யப்பான் அளவு. வாயிலை வடிவா இருக்காத ட்ரைவராலை திருகினால் தலை வழுகிப் போகும். முதல் ட்ரைவரை வைச்சுச் சுத்தியலாலை ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டுத் திருகுங்கோ.

மானிப்பாய்_125:
ரெண்டு பேருக்கும் நன்றி. ராப்பைப் பூட்டி 15 நிமிசம் விட்டன், சொட்டு நிக்கேல்லை. வடி ஸ்குறூவைத் திறக்க ஒரு தேக்கரண்டி கூட வரேல்லை. ஊதிப் பாத்ததிலை நீடில் வடிவா மூடுது. ஒயிலிலை பெற்றோல் மணம் இல்லை. பழைய ஜெற் கிடக்கு, அதைப் போடுறன். இனி ஸ்குறூவோ குழாயோ எண்டு என்னண்டு கண்டுபிடிக்கிறது?

பழஞ்சாவி:
அப்ப நீடிலை விட்டுடுங்கோ. கிண்ணத்தைக் கழட்டிப் பெற்றோல் மணம் போகுமட்டும் சவர்க்காரத் தண்ணியாலை கழுவி, அதே சவர்க்காரத் தண்ணியைக் குழாய் வாய்க்குச் சற்றுக் கீழை மட்டும் நிரப்புங்கோ. வடி ஸ்குறூ பூட்டியபடி இருக்கட்டும். குழாயின்ரை மேல் வாயை விரலாலை பொத்திக்கொண்டு, கீழ் ரியூப்பாலை மெல்ல ஊதுங்கோ. குழாயின்ரை பக்கத்தாலை ஊசி முனை அளவிலை குமிழி வரிசையா ஏறினால் வெடிப்பு. அடியிலை, குழாயைக் கிண்ணத்திலை அடிச்சு இறக்கின இடத்தைச் சுத்திக் குமிழி வந்தால் பொருத்துத் தளர்ந்துபோச்சு. ஸ்குறூத் துளையாலை வந்தால் ஸ்குறூதான்.

ஸ்குறூவெண்டால் அதின்ரை கூர் நுனியைப் பாருங்கோ. முறுக்கி முறுக்கி இறுக்கினதாலை வளையமாப் பள்ளம் விழுந்திருக்கும், இல்லாட்டி இருக்கையிலை மண் துணிக்கை கிடக்கும். அதிலை இருக்கிற ஓ-றிங், திரெட்டாலை வெளியிலை கசியிறதைத்தான் மறிக்கும். ரியூப்பாலை வாறதை மறிக்கிறது கூர் நுனி, அதாலை ஓ-றிங்கை மாத்திப்போட்டு ஒழுக்கு நிக்கேல்லையெண்டு குழம்பாதேங்கோ.

குழாயிலை வெடிப்பெண்டால் ஈயம் வைக்கலாம். வெடிச்ச இடத்தை மட்டும் மினுங்கச் சுரண்டி, பிளக்ஸ் (ஈயம் ஒட்டுறதுக்குப் பூசுற பசை) தடவி, சோல்டரிங் அயனாலை குழாயைச் சூடாக்கி மெல்லிசா ஓடவிடுங்கோ. காஸ் சுவாலை பிடிக்காதேங்கோ, கிண்ணம் உருகிப் போகும். குழாயின்ரை உயரத்தைக் குறைக்கவும் கூடாது, குறைச்சால் சரியான மட்டத்திலையே வழியும். அடிப் பொருத்துத் தளர்ந்ததெண்டால் சாதாரண ஈயம் கிண்ணத்து உலோகத்திலை ஒட்டாது. பெற்றோலுக்குத் தாங்கும் எண்டு போட்டிருக்கிற, ரெண்டு ரியூப்பா வாற மெற்றல் எப்பொக்சியைச் சுத்திவரப் பூசி 24 மணித்தியாலம் காயவிடலாம். சூப்பர் குளூ நிக்காது. உண்மையிலை அதுக்கு வேறை கிண்ணம்தான் வேலை. கொழும்புக்குப் போறவையிட்டைச் சொன்னால் பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையிலை பழைய காபரேற்றரா எடுக்கலாம். உங்கடை கிண்ணத்தையும் குடுத்துவிடுங்கோ, ஸ்குறூத் துளைகளை ஒப்பிட்டுப் பாத்து எடுக்கட்டும்.

சாலிப்_பிரியன்:
இடையிலை ஒரு சொல்லு. ஹோண்டா சாலி, சி 90 மாதிரிச் சின்ன வண்டி வைச்சிருக்கிற ஆக்கள் இதை அப்பிடியே பின்பற்றாதேங்கோ. அதுகளிலை பெற்றோல் ராப் காபரேற்றரிலேயே இருக்கு. ராப்பின்ரை பிடிக்குப் பின்னாலை இருக்கிற துளைபோட்ட ரப்பர் பக்கிங் இறுகிப்போனால், பூட்டினாலும் பெற்றோல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்ப ராப் பூட்டிப் பாக்கிற சோதனை பிழையான விடை தரும். பெற்றோல் ரியூப்பையே கழட்டி முனையை மூடிப்போட்டுப் பாருங்கோ.

மானிப்பாய்_125 தம்பிக்கு: ராங்கையும் ஒருக்கால் ரோச் அடிச்சுப் பாருங்கோ. எங்கடை உப்புக் காத்துக்குப் பழைய ராங்க் உள்ளுக்கை கறள் பிடிக்காமல் இருக்கிறது குறைவு. கறள் தூள் வந்து நீடில் வாயிலை குந்தினால் கிண்ணம் மாத்தியும் திரும்ப ஒழுகும்.

மானிப்பாய்_125:
குமிழி குழாயின்ரை பக்கத்தாலைதான் வருது, அடிக்குச் சற்று மேலை. ஈயம் வைச்சு அதே சவர்க்காரத் தண்ணியிலை திரும்ப ஊதினன், குமிழி இல்லை. காஸ்கெற் ரப்பர் பெற்றோலுக்கு ஊதிக் காடிக்குள்ளை இருக்குதில்லை. சிலிக்கன் பூசிப் பூட்டலாமோ?

பழஞ்சாவி:
வேண்டாம். சிலிக்கன் பெற்றோலுக்கு இளகி, நூலாக் கழண்டு ஜெற்றுக்குள்ளை போகும். ரப்பரை இரவு முழுக்கக் காத்துப் படுற இடத்திலை போட்டுவிடுங்கோ, விடியச் சுருங்கியிருக்கும். பூட்டின பிறகு ராப்பைத் திறந்துவிட்டு ஒரு மணித்தியாலம் கீழை கடதாசி விரிச்சுப் பாத்துப்போட்டு ஸ்ராட் பண்ணுங்கோ.