ஞாயிறு டெஸ்ட் நேரத்தில் மட்டும் திணறும் விபிஎஸ்: டெடிகேட்டட் சிபியு வாங்கலாமா?

நெல்லை_பயிற்சி:
வணக்கம். திருநெல்வேலியில் குரூப் 4 பயிற்சி மையம் நடத்துகிறோம். ஞாயிறுதோறும் ஆன்லைன் மாதிரித் தேர்வு: 200 கேள்வி, 3 மணி நேரம், காலை 10 மணிக்குத் தொடக்கம். 500 பேர் வரை எழுதுவார்கள். எங்களிடம் இருப்பது 4 விசிபியு (மெய்நிகர் சிபியு), 8 ஜிபி ராம் உள்ள ஷேர்ட் விபிஎஸ், அதாவது ஒரு பெரிய சர்வரின் சிபியுவைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர். வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், புரோகிராமை ஓட்டும் பிஎச்பி, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் மூன்றும் அதிலேயே ஓடுகின்றன.

வார நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு 10 மணிக்கு லாகின் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. 1 மணிக்கு விடைகள் சப்மிட் ஆகும்போது மறுபடியும் அதே கதை. சங்கரன்கோவில், செங்கோட்டை பக்கமிருந்து போனில் எழுதும் பிள்ளைகள் "சார், சப்மிட் ஆகலை" என்று பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அதே நிறுவனத்தில் 4 விசிபியு டெடிகேட்டட் (சிபியு எங்களுக்கு மட்டுமே) எடுத்தால் வாடகை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வேகமும் அந்த அளவுக்குக் கூடுமா?

பைபாஸ்_ரோடு:
ஷேர்ட் சர்வரில் தேர்வு நடத்துவதே தப்பு. யோசிக்காமல் மாறிவிடுங்கள்.

இரவு_ஷிஃப்ட்:
அவசரப்பட வேண்டாம். சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இந்தக் கேள்விக்கு அளந்து பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

முதலில், வேகம் மூன்று மடங்கு ஆகாது. பெரும்பாலான இடங்களில் ஒரு விசிபியு என்பது ஒரு ஹைப்பர்த்ரெட்தான், அதாவது ஒரு சிபியு கோரின் இரண்டு பாதைகளில் ஒன்று. டெடிகேட்டட் 4 விசிபியு என்றாலும் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு முழு கோர். பக்கத்து வாடகைதாரர் யாரும் இல்லாத நேரத்தில் ஷேர்ட் சர்வரும் அதே வேகத்தில்தான் ஓடும். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது, எந்த நேரமும் அந்த வேகம் குறையாது என்ற உறுதி. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் 500 பேர் வரும் உங்களுக்கு அந்த உறுதி பெரிய விஷயம்தான். ஆனால் உங்கள் சிக்கல் அதனால்தானா என்று தெரிய வேண்டும்.

வரும் ஞாயிறு 9.50 முதல் 1.15 வரை சிபியு நேரம் எங்கே போகிறது என்று 5 செகண்டுக்கு ஒருமுறை காட்டும் "விஎம்ஸ்டாட் 5" கமாண்டை ஓடவிட்டு, ஃபைலில் சேமித்து வையுங்கள். கடைசிப் பகுதியில் யுஎஸ், எஸ்ஒய், ஐடி, டபிள்யூஏ, எஸ்டி என்று எண்கள் வரும். எல்லாம் சிபியு நேரத்தின் சதவீதம்: யுஎஸ் உங்கள் புரோகிராம்கள், எஸ்ஒய் இயங்குதளம், ஐடி சும்மா இருப்பது, டபிள்யூஏ டிஸ்க்குக்காகக் காத்திருப்பது. உங்கள் விசிபியு வேலை செய்யத் தயாராக இருந்தும், ஹைப்பர்வைசர் (ஒரே சர்வரைப் பலருக்கும் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதைக் காட்டுவது எஸ்டி. அது ஏறினால் பக்கத்து வீட்டுத் தொல்லை. டபிள்யூஏ ஏறினால் டிஸ்க். எஸ்டி பூஜ்யத்தில் நிற்க யுஎஸ் மட்டும் ஏறினால் உங்கள் புரோகிராமே சிபியுவைத் தின்கிறது.

நாள் முழுவதற்கும் சராசரி எடுக்காதீர்கள். 10 மணிக்கு நடந்த அமளி அதில் கரைந்து காணாமல் போய்விடும்.

நெல்லை_பயிற்சி:
எடுத்துவிட்டேன். மோசமான வரிகள் இவை:

10.01: யுஎஸ் 52, எஸ்ஒய் 9, ஐடி 3, டபிள்யூஏ 1, எஸ்டி 35
1.00: யுஎஸ் 14, எஸ்ஒய் 8, ஐடி 17, டபிள்யூஏ 58, எஸ்டி 3

விடைகள் 1 மணி வரை மாணவரின் பிரவுசரிலேயே இருக்கும். டைமர் முடிந்ததும் மொத்தமாக வரும். ஒரு லூப்பில் ஒவ்வொரு விடையாக டேபிளில் இன்சர்ட் ஆகிறது.

இரவு_ஷிஃப்ட்:
அருமை, இந்த இரண்டு வரி போதும். உங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் இல்லை, இரண்டு.

10 மணிக்கு எஸ்டி 35. உங்களுக்கு வர வேண்டிய சிபியு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதுவும் லாகின் நேரத்தில். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பிகிரிப்ட் வேண்டுமென்றே சிபியுவை உழைக்க வைக்கும் முறை. அதன் கடின அளவான காஸ்ட் 10 என்றால் ஒரு லாகினுக்குச் சுமார் 50 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். 500 பேருக்கு 25 செகண்ட் சிபியு வேலை. காஸ்ட் 12 என்றால் அதுவே நான்கு மடங்கு. இங்கே டெடிகேட்டட் சிபியு நிச்சயம் உதவும்.

1 மணிக்கு நடப்பது வேறு. எஸ்டி வெறும் 3, டபிள்யூஏ 58. டிரான்சாக்‌ஷன் (பல பதிவுகளை ஒரே கட்டாகச் சேர்ப்பது) போடாமல் லூப்பில் இன்சர்ட் செய்தால் ஒவ்வொரு வரியும் தனி கமிட், அதாவது தனித்தனியாக உறுதிசெய்யப்படும் பதிவு. 500 பேர், 200 விடை: ஒரு லட்சம் கமிட், எல்லாம் ஒரே நேரத்தில். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் இயல்பு அமைப்பில் ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க்கில் உறுதியாக எழுதப்படும் வரை காத்திருக்கும். டெடிகேட்டட் சிபியு வாங்கினாலும் டிஸ்க்கைப் பல திட்டங்களில் பலரும் பகிர்ந்துதான் பயன்படுத்துகிறார்கள். மூன்று மடங்கு வாடகை கொடுத்த பிறகும் 1 மணிக்கு அதே போன்கால்கள் வந்திருக்கும். ஒரு மாணவரின் 200 விடையையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போடுங்கள். ஒரு லட்சம் 500 ஆகிவிடும். விடைகளைப் பதியும் முறையை மாற்றும்போதே, தேர்வின் நடுவிலும் அவ்வப்போது விடைகளைச் சேமிக்க வைத்துவிடுங்கள். போன் அணைந்துபோனால் ஒரு பிள்ளையின் உழைப்பு வீணாகக் கூடாது.

மணிக்கணக்கு:
இடையில் ஒன்று. மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனம் என்றால் மாதம் முழுக்க டெடிகேட்டட் எதற்கு? சனி இரவு பெரிய பிளானுக்கு மாற்றி, ஞாயிறு மாலை திரும்பலாம். சர்வரை ஒருமுறை ஆஃப் செய்ய வேண்டியிருக்கும். சிபியு, ராம் மட்டும் மாற்றுங்கள். டிஸ்க்கைப் பெரிதாக்கிவிட்டால் பெரும்பாலும் சின்ன பிளானுக்குத் திரும்ப முடியாது.

அமேசானின் டி3 வகை வாடகை சர்வரும் உங்களுக்குப் பொருந்தும். சும்மா இருக்கும் நேரத்தில் கிரெடிட் சேரும். ஒரு கிரெடிட் என்பது ஒரு விசிபியு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவதற்குச் சமம். டி3.லார்ஜ் மணிக்கு 36 சேர்த்து, 864 வரை வைத்திருக்கும். ஆனால் அதில் விசிபியு இரண்டுதான்.

இரவு_ஷிஃப்ட்:
மணிக்கணக்கு சொன்ன முதல் வழி நல்ல வழி. ஆனால் இந்த வாரமே பிளானைத் தொடாதீர்கள். லாகினை 9.15க்கே திறந்துவிட்டு, வினாத்தாளை மட்டும் 10 மணிக்குத் திறங்கள். 25 செகண்ட் வேலை முக்கால் மணி நேரத்தில் பரவிவிடும். சப்மிட் லூப்பையும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் எஸ்டி 10க்கு மேல் நின்று பக்கம் திறக்கத் தாமதமானால், முதலில் அந்த விஎம்ஸ்டாட் ஃபைலை உங்கள் நிறுவனத்துக்கு அனுப்பி, வேறு ஹோஸ்டுக்கு (வேறு பெரிய சர்வருக்கு) மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றித் தந்தால் கூடுதல் செலவே இல்லை. மறுத்தால் டெடிகேட்டட் எடுங்கள்.