மதிப்பெண் பதிவேட்டை எக்செலுக்கு மாற்றலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வளரறி மதிப்பீடு (பருவத்தின் ஊடே நடப்பது) 40, தொகுத்தறி மதிப்பீடு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று இதுவரை பதிவேட்டில் எழுதியே கூட்டிவருகிறேன். நெடுங்காலமாக எக்செலைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள், எதில் கவனம் தேவை என்று கூற இயலுமா?

பதில் 1: தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்ஜியம் இடாதீர்கள். சராசரி காணும் ஆவரேஜ் (AVERAGE) சூத்திரம் வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும். பூஜ்ஜியத்தையோ கணக்கில் சேர்த்துச் சராசரியைக் குறைத்துவிடும். நான் 'வரவில்லை' என்றே தட்டச்சு செய்கிறேன். கூட்டல் குறிக்குப் பதிலாக சம் (SUM) சூத்திரத்தைப் பயன்படுத்தினால் அந்தச் சொல்லால் பிழைச்செய்தி வராது.

பதில் 2: அகரவரிசைப்படுத்தும்போது பெயர் நிரலை மட்டும் தேர்ந்தெடுத்தால், ஒருவரின் மதிப்பெண் மற்றவருக்குப் போய்விடும். எக்செல் எச்சரிக்கத்தான் செய்கிறது, பருவ இறுதி அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? பழைய பதிப்பை மீட்கும் வசதிக்காகவே நான் கூகுள் ஷீட்ஸுக்கு மாறினேன்.

பதில் 3: எதில் பதிந்தாலும், பருவந்தோறும் அச்சிட்டுக் கையொப்பமிட்டு வையுங்கள்.