இங்கிலாந்தின் பழைய செங்கல் பண்ணை வீடுகள்: சுவரில் கண்டவை

முதல் பதிவு
நார்ஃபோக், லிங்கன்ஷயர் பக்கத்து 17, 18ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடுகளில் கண்டதை அளவுகளோடு எழுதுங்கள். முதலில் வயது. கையால் அறுத்த செங்கல், ஒன்றைப்போல் ஒன்று இராது; பத்தை அளந்து சராசரி எடுங்கள். கனம் இரண்டேகால் அங்குலத்துக்குள் என்றால் 17ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். 1784இல் செங்கலுக்கு எண்ணிக்கைப்படி வரி வந்ததும் பெரிய கல்லாக அறுத்தார்கள்; 1850 வரை அந்த வரி இருந்தது.

மறுமொழி
கட்டுமுறையையும் பாருங்கள். ஒரு வரிசை முழுக்க நெடுக்குக் கல் (நீளப்பக்கம் வெளியே தெரிவது), அடுத்த வரிசை முழுக்கக் குறுக்குக் கல் (தலைப்பக்கம் தெரிவது) என்றால் இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரிசையில் இரண்டும் மாறி மாறி வந்தால் ஃப்ளெமிஷ் பாண்ட். முகப்புக்கான விலை உயர்ந்த கல்லை மிச்சம்பிடிக்க, குறுக்குக் கல்லைப் பாதியாக உடைத்து முகத்தில் மட்டும் வைத்த சுவர்கள் உண்டு. உள்சுவரோடு பிடிப்பு இல்லாததால் முகப்பு தொப்பை போடும். துருப்பிடிக்காத முறுக்குக் கம்பியைத் துளையிட்டுச் செலுத்திப் பிணைக்க வேண்டும்.

மறுமொழி
அதைவிடப் பெரிய சேதம் சிமெண்டால்தான். அந்தக் காலக் கல் மென்மையானது. சுவர் வாங்கிய ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியே வெளியேறும். சிமெண்ட் பாயிண்டிங், அதாவது கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசுவது, அதை அடைத்துவிடும். கல்லில் தங்கிய நீர் குளிரில் உறைந்து விரிய, முகம் பொரிந்து உதிரும். சிமெண்ட் மட்டும் கூடுபோலத் துருத்தி நிற்கும், பார்க்கவே வயிறு எரியும். அந்தச் சிமெண்டை எடுக்கும்போது கிரைண்டர் வேண்டாம், கல்லின் விளிம்பு போய்விடும். மெல்லிய உளி போதும். இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ. எடுங்கள். தூசி போகக் கழுவி, நனைத்து, என்.எச்.எல். (நீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் அதன் வலிமைத் தரம்) 2 அல்லது 3.5 ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்த சாந்தை இறுக்கி அழுத்துங்கள். என்.எச்.எல். 5 வேண்டாம், மென்கல்லுக்கு அது மிகக் கடினம். விரல் பதியாத அளவு இறுகியதும் கெட்டித் தூரிகையால் குத்திவிட்டு, ஈரக் கோணியால் மூடுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

மறுமொழி
அடிச்சுவர் ஈரமாக இருந்தால் முதலில் வெளித்தரையைப் பாருங்கள். இந்த வீடுகளில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. காலப்போக்கில் மண் ஏறி உள்தரையைத் தாண்டியிருக்கும். உள்தரைக்கு 150 மி.மீ. கீழே வரும்வரை மண்ணை எடுங்கள். கவனம்: பல வீடுகளில் அடித்தளம் என்பதே மண்மேல் அகட்டி வைத்த சில வரிசைச் செங்கல்தான். அந்த அடித்தளத்துக்கும் கீழே தோண்டினால் சுவர் இறங்கிவிடும்.

முதல் பதிவர்
வயது பற்றி இன்னொன்று: பக்கச்சுவரில் சுவரை இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பிணைப்பு ஆண்டு எண் வடிவில் இருந்தால், அது பழுதுபார்த்த ஆண்டாகவும் இருக்கலாம்.