பெயின்ட்டுக்கு அடியில் இருந்த கோடு

போன வருடம் என் ஸ்விஃப்ட் காருக்குப் பழைய அலாய் வீல் (அலுமினியக் கலவையில் வார்த்த வீல்) நான்கு வாங்கினேன். 15 அங்குலம், கம்பெனியிலேயே வந்த வீல், புதுப்பேட்டையில் ஒரு கடையில் 14,000 ரூபாய். நான்கும் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். உரசலும் அழுக்குமாகக் கிடக்கிற வீலில் எங்கே அடிபட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். புதுப் பெயின்ட் அதைத்தான் மறைக்கிறது.

அளவை மட்டும் சரியாகப் பார்த்தேன். நான்கு போல்ட், 100 மி.மீ. பி.சி.டி. (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 54.1 மி.மீ. (இதே பி.சி.டி.யில் ஒரு ஹோண்டா வீலைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதன் நடு ஓட்டை 56.1, ரிங் போடாமல் மாட்டினால் ஹப்பில், அதாவது வீல் மாட்டும் நடுப் பகுதியில், சரியாக உட்காராது.) சட்டி வாங்கும்போது தட்டிப் பார்க்கிற மாதிரி ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் தட்டினேன். நான்கும் கணீரென்றன. திருப்தியாகப் பணத்தைக் கொடுத்தேன்.

டயர் மாட்டி பேலன்சிங் மெஷினில் ஏற்றியபோது மூன்று ஒழுங்காகச் சுற்றின. நான்காவதின் உள்பக்க விளிம்பு மட்டும் நெளிந்து நெளிந்து வந்தது. "சின்னப் பெண்டுதான் சார், சூடு காட்டித் தட்டினா வந்துடும்" என்றார் டயர் கடைக்காரர். டயரைக் கழற்றி வீலைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்சுவரில் பழைய பேலன்சிங் வெயிட் ஒட்டியிருந்த பசைத் தடம், பெயின்ட்டுக்கு அடியில் வரிசையாகப் புடைத்துத் தெரிந்தது. அவ்வளவு வெயிட் ஒட்டித்தான் யாரோ இதை ஓட்டியிருக்கிறார்.

மச்சான் அம்பத்தூரில் ஒரு காஸ்டிங் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பெண்டு இருந்த இடத்தில் பெயின்ட்டை உரித்தார். துடைத்து, சிவப்புச் சாயம் ஸ்பிரே செய்து, "டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். கால் மணி நேரம் கழித்துச் சாயத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தார்; விரிசலுக்குள் சாயம் புகுந்திருந்தால் அதை இது வெளியே இழுத்துக் காட்டும். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, குங்குமத்தைத் தொட்டு இழுத்த மாதிரி, விளிம்பிலிருந்து உள்நோக்கி மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு. விரிசல். தட்டிப் பார்த்ததில் இது கேட்கவே இல்லை.

வெல்டிங் வைக்கலாமா என்றேன். முகத்தைச் சுளித்தார். வீலை வார்த்ததும் 540 டிகிரி அளவில் சூடேற்றி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைப்பார்களாம். அதன் பலமே அந்தப் பக்குவத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பக்குவம் போய்விடும். கேஸ் டார்ச் காட்டிப் பெண்டு எடுப்பதிலும் இதே வம்புதான்: இரும்பு என்றால் பழுத்துச் சிவக்கும், அலுமினியம் சிவக்காமலே இளகிவிடும். எவ்வளவு சூடு ஏறியது என்று கண்ணுக்குத் தெரியாது.

அவர் கணக்கு சுருக்கமானது. வெளிவிளிம்பில் கல் உரசியதா, தேய்த்து பெயின்ட் அடி. விரிசல் இல்லாத சின்னப் பெண்டா, பிரஸ்ஸில் வைத்து எடு. எடுத்த பிறகு நெளிவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார். சாயச் சோதனையையும் திரும்பச் செய். ஸ்போக், போல்ட் ஓட்டை, ஹப் பக்கம் விரிசல் என்றால் பேச்சே கிடையாது. உள்விளிம்பு விரிசலை வெல்டிங் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், "நான் என் வண்டில போட மாட்டேன்" என்றார்.

இதைப் படித்த ஒருவர், மதுரையிலிருந்து:

நான் போட்டேன் சார். உள்விளிம்பில் இதே மாதிரி விரிசல், ஆர்கான் வெல்டிங், லேத்தில் வைத்துச் சமமாகக் கடைந்தும் கொடுத்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. எட்டு மாதம் தொந்தரவில்லை. அப்புறம் டயர் காற்று வாரா வாரம் 33 பி.எஸ்.ஐ.யிலிருந்து 28-க்கு இறங்க ஆரம்பித்தது. பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் டயரில் ஒன்றுமில்லை, வீலில் குமிழி வருகிறது. வெல்டிங் வைத்த தையல் அப்படியே இருக்கிறது, அதற்கு ஒரு விரல் தள்ளிப் புதிதாக விரிசல் விட்டிருக்கிறது. இப்போது நான்கும் இரும்பு ரிம். அழகில்லை என்று மகன் சொல்கிறான், சொல்லட்டும்.

சேலத்திலிருந்து:

மதுரைக்காரர் சொன்னதைப் படித்துவிட்டுக் காற்று இறங்குகிற வீலையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் வீலை விரிசல் என்று சொல்லிப் புது வீல் விற்கப் பார்த்தார்கள். வேறு கடையில் டயரைக் கழற்றினால் டயர் உட்காரும் இடம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. அரிப்புதான். எமரி போட்டுத் தேய்த்து, சீலர் தடவி மாட்டினார்கள், செலவு சில நூறு ரூபாய். குமிழி டயர் ஓரத்தில் வருகிறதா, வீலின் உடம்பில் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுபடியும் நான், தாம்பரம்:

என் வீல் என்ன ஆனது என்று கேட்டிருந்தார்கள். விற்ற கடையில் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். "வேணும்னா வெச்சுட்டுப் போங்க, வர்ற விலைக்குத் தள்ளிவிடுறேன்" என்றார். மறுபடி கறுப்பு பெயின்ட் அடித்து அடுத்தவன் தலையில்தான் கட்டுவார். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிரைண்டரால் விளிம்பை இரண்டு இடத்தில் அறுத்து, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். "நல்ல வீலை ஏன் சார் அறுத்தீங்க?" என்று கேட்டார் இரும்புக் கடைக்காரர்.