புதுப்பிப்பு: புற்றுநோய் விழிப்புணர்வு அறக்கட்டளை தொடங்குவது பற்றி

முதலில் அறக்கட்டளையைப் பதிவு செய்வது, அடுத்து வங்கிக் கணக்கு, பிறகு பரிசோதனை முகாம் என்று முந்தைய பதிவில் வரிசை சொல்லியிருந்தோம். அதில் ஒரு படி விட்டுப்போனது. முகாமுக்கு முன்பே, மேல்சிகிச்சைக்கு எந்த மருத்துவமனை, அங்கே யார் பொறுப்பு, எந்தக் கிழமை வரலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இது இல்லாத முகாமில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரியவரும், ஆனால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பியதாகிவிடும்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கென்று தனிப் பதிவேடு வேண்டும்: பெயர், இரண்டு தொலைபேசி எண்கள், அனுப்பிய தேதி, மருத்துவமனைக்குப் போனாரா, திசுப் பரிசோதனை முடிவு. இரண்டு வாரத்தில் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். இரண்டாவது எண் எதற்கு என்று தோன்றும். முதல் எண் பெரும்பாலும் கணவருடையது.

துண்டறிக்கையிலும் திருத்தம். மாதந்தோறும் மார்பகச் சுயபரிசோதனை என்று அச்சிட வேண்டாம். ஷாங்காயில் சுமார் 2,66,000 பெண்களிடம் நடந்த ஆய்வு (முடிவு 2002இல் வெளியானது), அதைக் கற்றுக்கொடுத்ததால் இறப்பு குறையவில்லை என்று காட்டியது; தேவையற்ற திசுப் பரிசோதனைகள்தான் கூடின. "மாற்றம் தெரிந்தால் உடனே காட்டுங்கள்" என்பதே போதும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு, 30 வயது முதல் எச்.பி.வி. (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறாத வாய்ப்புண்ணுக்கு மூன்று வாரம்தான் கெடு; அதற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வங்கிக் கணக்கில் பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று முந்தைய பதிவில் சொன்னது அப்படியே நிற்கிறது. அந்த இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.